அளவு தப்பிய ஜாப்: அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடிக்கும் வழிமுறை

டர்பைன் ரோட்டாருக்கும் கோல்ஃப் மட்டையின் தலைக்கும் பார்வைக்கு ஒரு சம்பந்தமும் இல்லை. ஒன்று நிமிடத்துக்குப் பல்லாயிரம் சுற்று ஓடும், மற்றது ஒரு பந்தை ஒரு கணம் தொட்டுவிட்டு ஓய்ந்துவிடும். ஆனால் இரண்டையும் செய்யும் மெஷின் ஷாப்பில் வரும் தொல்லைகள் கிட்டத்தட்ட ஒன்றேதான். வெட்டிச் செய்யும் பாகத்தின், அதாவது ஜாப்பின், அளவு நகரும், வட்டம் கெடும், மேற்பரப்பில் வரி விழும், சக் எனும் பிடிப்பானிலிருந்து கழற்றியதும் வளையும்.

அளவு தப்பினால் பெரும்பாலானோர் முதலில் கை வைப்பது ஆஃப்செட்டில், அதாவது டூலின் இடத்துக்கு மெஷினில் கொடுக்கும் திருத்த எண்ணில். 0.02 மி.மீ கூடியிருக்கிறதா, 0.02 குறைத்துவிட்டு அடுத்த ஜாப்பை ஏற்றுவார்கள். அது சரியாக வரும், மூன்றாவது மறுபடி தப்பும். எவ்வளவு தப்பியது என்பதைவிட எந்த வடிவத்தில் தப்பியது என்பதுதான் காரணத்தைக் காட்டும். அதனால் கீழே உள்ளவற்றை அறிகுறிப்படி பிரித்திருக்கிறேன். உங்கள் ஜாப்பில் எது தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேரே போகலாம். முதல் தலைப்பை மட்டும் யாரும் தாண்ட வேண்டாம். இன்னொன்று: ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். வேகம், இன்சர்ட் (டூலில் மாட்டும் வெட்டுத் துண்டு), கூலன்ட் (குளிர்விக்கும் திரவம்) மூன்றையும் ஒன்றாக மாற்றிக் கோளாறு போய்விட்டால், எதனால் போனது என்று தெரியாது. அது திரும்பி வரும்போது திரும்பவும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

ஒவ்வொரு முறை அளக்கும்போதும் வேறு அளவு வருகிறது

இங்கே சந்தேகம் ஜாப்பின் மேல் போகக் கூடாது, கருவியின் மேல் போக வேண்டும். ஒரே ஜாப்பை, ஒரே இடத்தில், ஒரே ஆள் பத்து முறை அளக்கட்டும். அப்புறம் இன்னொருவர் பத்து முறை. அளவுகள் சிதறும் அகலம் டாலரன்ஸில் (அளவு மாற அனுமதித்த இடம்) பத்தில் ஒரு பங்குக்குள் இருந்தால் நல்லது. மூன்றில் ஒரு பங்கைத் தொட்டால் அந்தக் கருவியை நம்பி ஆஃப்செட் மாற்றுவது வீண். 20 மி.மீ துளைக்கு எச்7 என்ற டாலரன்ஸ் தரம் என்றால் மொத்த இடமே 21 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்). அதை வெர்னியரில் அளந்து முடிவெடுப்பவர்களை இன்னும் பார்க்க முடிகிறது.

சிதறலுக்குச் சாதாரணக் காரணங்கள்: பிசிறு எடுக்காத விளிம்பு, கூலன்ட் படலம், மைக்ரோமீட்டரைச் சீராக இறுக்கும் ராட்செட்டைப் பயன்படுத்தாமல் கையால் இறுக்குவது, துளை அளக்கும் போர் டயல் கேஜைச் சரியாக ஆட்டித் தாழ்ந்த புள்ளியைப் பிடிக்காதது. இவை நான்கையும் ஒழித்த பிறகும் சிதறினால் ஜாப்பே வட்டமாக இல்லை என்று பொருள். அதற்குத் தனித் தலைப்பு கீழே இருக்கிறது.

காலையில் ஓர் அளவு, மதியம் ஓர் அளவு

வெப்பம். இதில் இரண்டு வகை உண்டு, குழப்பிக்கொள்ளக் கூடாது.

முதல் வகையில் ஜாப் சூடாக இருக்கிறது. உலக அளவில் நீள அளவுகளுக்கெல்லாம் அடிப்படை வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸ். எஃகு ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்குச் சுமார் 12 மைக்ரான் நீளும், அலுமினியம் 23, டைட்டானியம் கிரேடு 5 சுமார் 9. அதாவது 100 மி.மீ அலுமினியப் பாகம் 30 டிகிரியில் 23 மைக்ரான் பெரிதாகத் தெரியும். எஃகுப் பாகத்தை எஃகு மைக்ரோமீட்டரால் அளந்தால், இரண்டும் ஒரே வெப்பநிலையில் இருக்கும்வரை பிழை பெரும்பாலும் தானே ஈடாகிவிடும். அலுமினியத்திலும் டைட்டானியத்திலும் அந்தச் சலுகை கிடையாது. சோதனை எளிது: வெட்டி முடித்த உடனே அளந்து எழுதுங்கள், கிரானைட் மேடையில் ஒரு மணி நேரம் வைத்துவிட்டு மறுபடி அளங்கள். வித்தியாசம் வந்தால் குற்றவாளி ஜாப்பின் சூடு.

இரண்டாவது வகையில் மெஷின் நீள்கிறது. ஸ்பிண்டில் பேரிங் சூடேறி ஸ்பிண்டில் முன்னே வளரும், பால் ஸ்க்ரூ நீளும். இதன் அடையாளம், தவறு ஒரே திசையில் நகர்ந்துகொண்டே போய் ஒன்றிரண்டு மணி நேரத்தில் நின்றுவிடும். உணவு இடைவேளைக்குப் பிறகு மறுபடி தொடங்கும். தீர்வு, வேலைக்கு முன் ஸ்பிண்டிலையும் அச்சுகளையும் கால் மணி நேரமாவது ஓடவிடுவது. இடைவேளையிலும் முழுதாக நிறுத்தாமல் மெதுவாக ஓடவிட்டால் இன்னும் நல்லது. டூல் தேய்மானமும் ஒரே திசையில்தான் நகரும். ஆனால் அது நிற்காது, இன்சர்ட் மாற்றியதும் பழைய இடத்துக்குத் தாவும். வெப்பம் அப்படித் தாவாது. ஜாப் எண்ணையும் அளவையும் ஒரு தாளில் புள்ளி வைத்துக் கோடிட்டால் இந்த இரண்டும் கண்ணால் பார்த்தாலே பிரியும்.

ஒரு முனை பருத்து, மறுமுனை மெலிந்து

லேத்தில் நீளத் தண்டு கடையும்போது வரும் டேப்பர். மூன்று காரணங்களில் ஒன்று: டெயில்ஸ்டாக் (தண்டின் மறுமுனையைத் தாங்கும் பகுதி) விலகல், ஜாப் வளைவது, டூல் தேய்வது.

பிரிக்கும் வழி இதுதான். ஆஃப்செட்டைத் தொடாமல் அதே அளவில் இன்னொரு முறை டூலை ஓட்டுங்கள். உலோகம் உரிந்து வந்து டேப்பர் குறைந்தால், முந்தைய வெட்டில் ஜாப்போ டூலோ வளைந்து விலகியிருக்கிறது. ஒன்றும் உரியாமல் டேப்பர் அப்படியே இருந்தால் அது மெஷினின் நேர்கோட்டுப் பிரச்சினை, டெயில்ஸ்டாக்கைப் பாருங்கள். டெயில்ஸ்டாக் டூல் பக்கமாக விலகியிருந்தால் அந்த முனை மெலியும், எதிர்ப்பக்கம் விலகியிருந்தால் பருக்கும்.

டெயில்ஸ்டாக் இல்லாமல் சக்கில் மட்டும் பிடித்திருந்தால் வெளிமுனை பருப்பது இயல்பு. வெட்டு விசையில் அந்த முனை டூலை விட்டு ஓடுகிறது. வெளியே நீட்டிய நீளம் இரட்டித்தால் வளைவு எட்டு மடங்காகும், விட்டம் பாதியானால் பதினாறு மடங்காகும். வெட்டின் ஆழத்தைக் குறைப்பதைவிட நீட்டலைக் குறைப்பதில்தான் ஆதாயம் அதிகம். இரு முனையும் சரியாக இருந்து நடு மட்டும் பருத்திருந்தால் ஜாப் மெல்லியது, நடுவில் தாங்கும் ஸ்டெடி ரெஸ்ட் வேண்டும். மூக்கு ஆரம் (நுனி வளைவின் ஆரம்) பெரிய இன்சர்ட்டும் ஜாப்பைப் பக்கவாட்டில் அதிகம் தள்ளும். 0.8-இலிருந்து 0.4-க்கு மாறினாலே பாதி தீரும் நேரங்கள் உண்டு.

தேய்மானம் என்றால் வெட்டு தொடங்கிய முனை சரியாகவும் முடிந்த முனை பருத்தும் இருக்கும். ஒரு நீள ரோட்டார் தண்டை இன்கோனல் எனும் நிக்கல் கலவையில் ஒரே இன்சர்ட்டால் முடிக்க முயன்றால் இது நிச்சயம்.

மைக்ரோமீட்டரில் சரி, பொருத்தினால் இறங்காது

எனக்குத் தெரிந்து அதிகச் சண்டையை மூட்டும் கோளாறு இதுதான். உற்பத்தி ஆள் மைக்ரோமீட்டரைக் காட்டுவார், அசெம்ப்ளி ஆள் இறங்காத பேரிங்கைக் காட்டுவார். இருவரும் சரி.

மூன்று ஜா (தாடை) உள்ள சக்கில் மெல்லிய வளையத்தை இறுக்கினால், ஜா தொடும் மூன்று இடங்களில் அது உள்ளே அமுங்கும், இடையில் வெளியே புடைக்கும். அந்த நிலையில் உள்துளையை வட்டமாகப் போர் செய்கிறோம். கழற்றியதும் அமுங்கிய இடங்கள் வெளியே திரும்புகின்றன. ஜா இருந்த இடத்தில் துளை பெரிதாகவும் இடையில் சிறிதாகவும் ஆகி, மூன்று மடல் கொண்ட வடிவம் கிடைக்கிறது. மூன்று மடல் வடிவத்தில் ஒரு மடலுக்கு நேர் எதிரே எப்போதும் ஒரு பள்ளம் இருக்கும். இரண்டு புள்ளியில் அளக்கும் கருவி மேட்டையும் பள்ளத்தையும் சேர்த்தே அளக்கிறது, எந்தத் திசையில் அளந்தாலும் ஒரே எண். ஐந்து மடலுக்கும் இதே கதைதான். ஜாப்பை மையத்தில் பிடிக்காமல் அரைக்கும் சென்டர்லெஸ் கிரைண்டிங்கில் ஒற்றைப்படை மடல்கள் மிகச் சாதாரணம்.

உறுதிப்படுத்த, வெளிவிட்டம் என்றால் வி பிளாக்கில் (வி வடிவப் பள்ளமுள்ள கட்டை) வைத்து மேலே டயல் வைத்துச் சுற்றுங்கள். இங்கேயும் ஒரு கண்ணி இருக்கிறது. 60 டிகிரி வி பிளாக் மூன்று மடலை மூன்று மடங்கு பெரிதாகக் காட்டும், ஐந்து மடலை அறவே காட்டாது. 90 டிகிரி வி பிளாக் மூன்றையும் ஐந்தையும் இரண்டு மடங்காகக் காட்டும், ஏழு மடலைக் காட்டாது. எனவே இரண்டு கோணத்திலும் பாருங்கள். துளைக்கு மூன்று புள்ளி மைக்ரோமீட்டரைச் சுற்றிச் சுற்றி வைத்துப் பார்க்கலாம். வட்டத்தன்மை அளக்கும் மெஷின் இருந்தால் ஐந்து நிமிட வேலை.

தீர்வுகள் என் விருப்ப வரிசையில்: முடிந்தால் வளையத்தை ஆரத் திசையில் பிடிக்கவே பிடிக்காதீர்கள், முகத்தில் அச்சு வாக்கில் இறுக்குங்கள். முடியாவிட்டால் சாஃப்ட் ஜாவை (வெட்டி வடிவமைக்கக்கூடிய மென்மையான தாடை), வேலையின்போது இருக்கும் அதே அழுத்தத்தில், ஜாப்பின் விட்டத்துக்கே போர் செய்து, சுற்றளவின் பெரும்பகுதியை அணைக்கும்படி அகலமாக வையுங்கள். சுற்றிலும் சமமாக அணைக்கும் கோலெட்டும் நல்லது. ரஃபுக்கு (முதல் முரட்டு வெட்டு) ஓர் அழுத்தம், பினிஷுக்கு (கடைசி வெட்டு) குறைந்த அழுத்தம் என்று இரண்டு நிலை வைப்பது எளிய வழி. ஆனால் ஜா வேகமாகச் சுற்றும்போது மையவிலக்கு விசையால் வெளியே இழுபட்டுப் பிடி தளரும், அழுத்தத்தைக் குறைக்கும்போது வேகத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். பறந்து வரும் ஜாப் டாலரன்ஸ் பார்க்காது.

கிளாம்பைத் தளர்த்தியதும் வளைகிறது

இங்கே இரண்டு சந்தேக நபர்கள்: கிளாம்ப் வளைத்தது, அல்லது உலோகத்தின் உள்ளே ஏற்கெனவே இருந்த இறுக்கம். டயலை ஜாப்பின் மேல் வைத்து, வெட்டுவதற்கு முன்னாலேயே கிளாம்பை இறுக்கும்போது முள் நகர்கிறதா பாருங்கள். நகர்ந்தால் அடிப்பரப்பு சமமில்லை, கிளாம்ப் அதை வளைத்துப் பிடிக்கிறது. அடியில் ஷிம் (மெல்லிய தகடு) கொடுத்துத் தாங்கிவிட்டு இறுக்குங்கள். இறுக்கும்போது நகராமல், வெட்டி முடித்துத் தளர்த்தும்போது மட்டும் நகர்ந்தால் உள் இறுக்கம்.

உள் இறுக்கத்துக்குத் தீர்வு பொறுமைதான். இரு பக்கமும் மாறி மாறி ரஃப் செய்து அரை மில்லிமீட்டர் முதல் ஒரு மில்லிமீட்டர் வரை விட்டுவிட்டு, முழுதாகக் கழற்றி, வளைய வேண்டியதை வளையவிட்டு, புதிதாக ஒரு முகத்தைச் சமப்படுத்திப் பினிஷ் எடுங்கள். அலுமினியத்தில் வாங்கும்போதே இழுத்து இறுக்கம் நீக்கிய டி651, டி7351 தகடுகளைக் கேட்டு வாங்கினால் பாதி வேலை மிச்சம். மழுங்கிய டூலும் மேற்பரப்பில் புதிய இறுக்கத்தை ஏற்றும். அடிக்கட்டை இறுக்கமில்லாமல் இருந்தும் மெல்லிய தகடு வளைந்தால் இன்சர்ட்டைத்தான் பார்க்க வேண்டும்.

வெப்பப் பதனத்துக்குப் பிறகு அளவு மாறுவது தனி விஷயம், அது கணக்கில் வரக்கூடியது. கோல்ஃப் ஐயன்களிலும் டர்பைன் பாகங்களிலும் புழங்கும் 17-4 பிஎச் எஃகை எச்900 நிலைக்கு 482 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தால் 100 மி.மீ-க்கு 0.04 முதல் 0.06 மி.மீ வரை சுருங்கும். ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ அதே அளவு சுருங்குவதால் முன்கூட்டியே கூட்டி வைத்துக் கடையலாம்.

கீச்சல், மேற்பரப்பில் சீரான வரிகள்

சாட்டர், அதாவது வெட்டும்போது எழும் அதிர்வு. காதுக்கே தெரியும், ஆனால் காது காரணத்தைச் சொல்லாது. இரண்டு வகை உண்டு. ஒன்று வெளியிலிருந்து தள்ளப்படும் அதிர்வு: டூல் ரன்அவுட் (மையம் தப்பிச் சுழல்வது), பேரிங் கோளாறு, பேலன்ஸ் இல்லாத ஹோல்டர். இன்னொன்று வெட்டே தன்னைத் தூண்டிக்கொள்வது: முந்தைய சுற்றில் விழுந்த அலையின் மேல் இந்தச் சுற்று வெட்டும்போது, அலைகள் ஒன்றுக்கொன்று கட்டம் மாறி விழுந்தால் சிப்பின் (வெட்டி வரும் சீவல்) தடிமன் ஏறி இறங்கி அதிர்வை வளர்க்கும்.

பிரிக்கும் வழி: வேகத்தைப் பத்து சதம் மாற்றுங்கள். சுருதியும் அதே விகிதத்தில் மாறினால் முதல் வகை. சுருதி கிட்டத்தட்ட அங்கேயே நின்றால் இரண்டாவது, டூலோ ஜாப்போ தன் இயல்பு அதிர்வெண்ணில் பாடுகிறது.

இரண்டாம் வகைக்கு எல்லோரும் செய்வது வேகத்தைக் குறைப்பது. பல நேரம் கூட்டுவதுதான் சரி, அதைக் கணக்குப் போட்டே சொல்லலாம். அதிர்வெண் காட்டும் ஒரு சாதாரணக் கைப்பேசிச் செயலியை மெஷின் அருகே பிடியுங்கள். நான்கு பல் எண்ட் மில் (சுழன்று வெட்டும் கட்டர்) 3000 சுற்றில் ஓடினால் பற்கள் தொடும் அதிர்வெண் வினாடிக்கு 200. திரையில் பெரிய முள் 850-இல் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். 850 என்பது 200-இன் மடங்கு அல்ல, ஆக இது சாட்டர். இப்போது பற்கள் தொடும் அதிர்வெண் 850-ஆகவோ அதன் பாதி, மூன்றில் ஒன்று, நான்கில் ஒன்றாகவோ வரும்படி வேகத்தை அமைக்க வேண்டும். 850-ஐ 60-ஆல் பெருக்கி நான்கு பல்லால் வகுத்தால் 12,750. அதன் பாதி 6,375, மூன்றில் ஒன்று 4,250, நான்கில் ஒன்று சுமார் 3,190. ஆக 3000-ஐ 3,190-க்கு உயர்த்தினாலே சத்தம் அடங்க வாய்ப்பு உண்டு, மெஷினும் டூலும் தாங்கினால் 4,250 இன்னும் நல்ல இடம். அதன் ஓரங்களில் சிறிது மேலும் கீழும் ஓட்டிப் பார்த்து நிறுத்துங்கள்.

வேகம் கைகொடுக்காத இடம் துளையைக் குடையும் போரிங் பார். எஃகு பார் என்றால் விட்டத்தின் நான்கு மடங்கு நீட்டல் வரை, கார்பைடு என்றால் ஆறு மடங்கு வரை. அதற்கு மேல் அதிர்வடக்கும் பார் தேவை. இதில் பேரம் பேசிப் பயனில்லை. ஃபீடை (டூல் முன்னேறும் அளவு) மிகக் குறைப்பதும் தவறு. சிப் இன்சர்ட்டின் விளிம்பு ஆரத்தைவிட மெலிந்தால் டூல் வெட்டாமல் தேய்க்கும், தேய்ப்பதே சாட்டரைத் தொடங்கும்.

டர்பைன் பிளேடில் இன்னொரு சிக்கல்: வெட்ட வெட்ட ஜாப்பே மெலிந்து அதன் இயல்பு அதிர்வெண் மாறிக்கொண்டே போகும். முழு உயரத்தையும் ரஃப் செய்துவிட்டு அப்புறம் முழுதும் பினிஷ் செய்தால் நுனி ஆடும். நுனியிலிருந்து தொடங்கி, ஒரு படி ரஃப், உடனே அதே படியில் இரு பக்கமும் பினிஷ், பிறகு அடுத்த படி என்று இறங்கினால், பினிஷ் செய்யும் இடத்துக்குக் கீழே எப்போதும் தடித்த உலோகம் தாங்கிக்கொண்டிருக்கும்.

சத்தம் இல்லை, ஆனால் மேற்பரப்பு சொரசொரப்பு

முதலில் கணக்கு. கடைசலில் எட்டக்கூடிய மேடுபள்ள உயரம், ஃபீடின் வர்க்கத்தை மூக்கு ஆரத்தின் எட்டு மடங்கால் வகுத்தால் கிடைக்கும். ஃபீட் 0.2, ஆரம் 0.8 என்றால் 6.25 மைக்ரான். ஃபீடைப் பாதியாக்கினால் 1.56. அளந்த உயரம் கணக்கை ஒட்டி இருந்தால் மெஷினிலோ டூலிலோ குறையில்லை, நீங்கள் கேட்ட ஃபீடுக்கு இவ்வளவுதான் கிடைக்கும். கணக்கைவிட இரண்டு மூன்று மடங்கு இருந்தால்தான் வேறு காரணம் தேட வேண்டும்.

கிழிந்த மாதிரி, இடையிடையே பளபளக்கும் துணுக்கு ஒட்டியிருந்தால் பில்ட் அப் எட்ஜ்: வெட்டிய உலோகம் டூல் நுனியில் ஒட்டிக் கட்டியாகி, உடைந்து ஜாப்பில் பதிகிறது. மென்மையான எஃகிலும் அலுமினியத்திலும் சகஜம். வேகத்தைக் கூட்டுங்கள். அலுமினியத்துக்கு, பூச்சிலேயே அலுமினியம் கலந்த டூலைத் தவிருங்கள், ஒட்டும். பூச்சில்லாத, மெருகேற்றிய, கூரான டூல் போதும். பால் எண்ட் மில் போட்ட பரப்பில் நடுக்கோடு மட்டும் கசங்கியிருந்தால், பந்தின் உச்சியில் வெட்டு வேகம் பூஜ்யம் என்பதுதான் காரணம். டூலைப் பத்துப் பதினைந்து டிகிரி சாய்த்தால் தீரும்.

இன்சர்ட் சீக்கிரம் போகிறது

எங்கே தேய்ந்திருக்கிறது என்று லென்ஸில் பாருங்கள். வெட்டு ஆழக் கோட்டில் மட்டும் ஒரு வெட்டுப்பள்ளம் விழுந்திருந்தால் இன்கோனல், ஸ்டெயின்லெஸ் வகைகளின் கைவரிசை. முந்தைய வெட்டில் இறுகிப்போன தோல் அந்த ஒரு கோட்டில் உரசுகிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஆழத்தை மாற்றுங்கள், அல்லது சாய்வான வெட்டு விளிம்புள்ள டூல் போடுங்கள். கார்பைடில் இன்கோனல் 718-க்கு நிமிடத்துக்கு 30 முதல் 50 மீட்டர் வரைதான். அதைத் தாண்டினால் இன்சர்ட் பெட்டி காலியாகும். ஃபீடை நடுவில் நிறுத்தி டூலை அங்கேயே சுழலவிடுவது இந்த உலோகங்களில் பெரிய குற்றம், அந்த இடம் இறுகி அடுத்த டூலையும் தின்னும்.

டைட்டானியத்தில் நுனி முழுதும் கருகியிருந்தால் வெப்பம். அதன் வெப்பக் கடத்தல் அலுமினியத்தைவிட மிகமிகக் குறைவு. சூடு சிப்போடு போகாமல் டூலில் தங்குகிறது. வேகத்தைக் குறைத்து, கூலன்ட்டை அழுத்தத்தோடு நுனிக்கே அனுப்புங்கள். மெல்லிய டைட்டானியச் சிப்பை மெஷினுக்குள் குவியவிடாதீர்கள், தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது. உலோகத் தீக்கான பொடி கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

எண்ட் மில்லில் ஒரு பல் மட்டும் தேய்ந்திருந்தால் ரன்அவுட். கோலெட்டைத் துடைத்து, ரன்அவுட்டை 0.01 மி.மீ-க்குள் கொண்டுவாருங்கள்.

கிரைண்டிங்குக்குப் பிறகு பழுப்பு, நீலக் கறை, அல்லது மயிரிழை விரிசல்

எரிந்துவிட்டது. கறையைக் கடைசி மெல்லிய வெட்டில் அழித்துவிடலாம், அடியில் மென்மையான பகுதி அப்படியே இருக்கும். அதனால் நிறம் இல்லை என்பது சான்றாகாது. ஆல்கஹாலில் நீர்த்த நைட்ரிக் அமிலமான நைட்டாலில் அரித்துப் பார்த்தால் அதிகம் சூடாகி மென்மையான இடம் கறுப்பாகவும், மறுபடி கடினமான இடம் வெளுப்பாகவும் தெரியும். விரிசல்கள் பெரும்பாலும் கிரைண்டிங் திசைக்குக் குறுக்கே ஓடும். வீலை டிரஸ் செய்யுங்கள் (மேற்பரப்பைச் சீவிப் புதுப்பிப்பது), ஒரு படி மென்மையான வீல் போடுங்கள், கூலன்ட் வீலின் மேல் விழாமல் வீலும் ஜாப்பும் தொடும் இடைவெளிக்குள் போகிறதா என்று பாருங்கள். ரோட்டாரின் பேரிங் இருக்கையில் இது வந்தால் அந்த ஜாப்பை ஒதுக்குவதே என் முடிவாக இருக்கும்.

இரண்டு பரப்புகள் சேரும் இடத்தில் படி

ஐந்து அச்சு மெஷினில், ஒரு பக்கத்திலிருந்து வெட்டிய பரப்பும் திருப்பி வெட்டிய பரப்பும் சந்திக்கும் இடத்தில் நகத்தில் தட்டுப்படும் படி. சுழல் அச்சின் மையம் கன்ட்ரோலில் எழுதியிருக்கும் இடத்தில் இல்லை. ஒரு கட்டையின் இரு பக்கத்தையும் பூஜ்யத்திலும் 180 டிகிரியிலும் ஒரே நிரலால் வெட்டுங்கள், வரும் படியில் பாதிதான் மையப் பிழை. வட்டப் பரப்பில் நான்கு கால்வட்ட எல்லைகளில் மட்டும் சிறு கீறல் விழுந்தால் அச்சு திசை மாறும்போது வரும் இழுபறி, மெஷினின் வட்ட ஓட்டத்தை அளக்கும் பால்பார் சோதனையில் கூர்முள்ளாகத் தெரியும்.

வரைபடத்தில் எல்லாம் சரி, சுழன்றால் ரோட்டார் அதிர்கிறது

எவ்வளவு பேலன்ஸ் தேவை என்பதிலிருந்து தொடங்கலாம். டர்பைன் ரோட்டார்களுக்கு வழக்கமான தரம் ஜி2.5. மையப் பிறழ்வை வினாடிக்கு ரேடியனில் எடுத்த வேகத்தால் பெருக்கினால் வினாடிக்கு 2.5 மி.மீ-க்குள் இருக்க வேண்டும். 3000 சுற்றில் ஓடும் ரோட்டாருக்கு இது சுமார் 8 மைக்ரான் பிறழ்வு. 30,000 சுற்றில் ஓடுவதற்கு 0.8 மைக்ரான். அந்தச் சின்ன ரோட்டார் 10 கிலோ என்றால் அனுமதி 8 கிராம் மில்லிமீட்டர், 80 மி.மீ ஆரத்தில் பத்தில் ஒரு கிராம்.

இப்போது அதை மாண்ட்ரலில் (துளைக்குள் செருகும் தண்டு) மாட்டிப் பேலன்ஸ் செய்கிறோம். துளைக்கும் மாண்ட்ரலுக்கும் இடையே உள்ள தளர்வில் ரோட்டார் 5 மைக்ரான் ஒருபக்கம் உட்கார்ந்தால் போதும், 50 கிராம் மில்லிமீட்டர். அனுமதியைப் போல ஆறு மடங்கு! நாள் முழுக்கத் திருத்தினாலும் மாண்ட்ரலின் பிழையைத்தான் ரோட்டாரில் துளையிட்டுக்கொண்டிருப்போம். கண்டுபிடிக்க, ஒருமுறை அளந்துவிட்டு, ரோட்டாரை மட்டும் மாண்ட்ரலில் 180 டிகிரி திருப்பி மறுபடி அளங்கள். இரண்டு அளவையும் திசையோடு கூட்டிப் பாதியாக்கினால் மாண்ட்ரலின் பங்கு, கழித்துப் பாதியாக்கினால் ரோட்டாரின் பங்கு. பேலன்ஸ் மெஷினில் இன்டெக்ஸ் என்ற பெயரில் இந்த வசதி இருக்கும், பலர் அதைத் தொடுவதே இல்லை.

கத்தி விளிம்பில் உருட்டிச் சரிபார்த்த ரோட்டார் ஓடும்போது அதிர்ந்தால், இரு முனைகளில் எதிரெதிராக உள்ள பளு. நிலையான சோதனையில் அவை ஒன்றையொன்று ஈடுசெய்துகொள்ளும், சுழலும்போதுதான் தண்டை ஆட்டும். இரண்டு தளத்தில் திருத்த வேண்டும். ரோட்டாரும் கப்ளிங்கும் தனித்தனியாகச் சரி, சேர்த்தால் அதிர்வு என்றால் இரண்டையும் பூட்டும் சாவியைப் பற்றிக் கேளுங்கள்: ஒருவர் அரைச் சாவியோடும் இன்னொருவர் முழுச் சாவியோடும் பேலன்ஸ் செய்திருப்பார்கள். தொடங்கும்போது அதிர்ந்து சூடேறியதும் அடங்கினால் தண்டு தற்காலிகமாக வளைந்திருந்தது. பெரிய டர்பைன்களை நிறுத்திய பிறகும் மெதுவாகச் சுற்றிக்கொண்டே வைப்பது இதற்காகத்தான்.

கோல்ஃப் தலையில் மட்டும் வரும் சில

டிரைவர் தலைகளில் சிலது மட்டும் முகத்துள்ளல் சோதனையில் வரம்பைத் தாண்டுகின்றன. சோதனைக் குண்டு முகத்தைத் தொட்டிருக்கும் நேரத்தை அளப்பார்கள், வரம்பு 239 மைக்ரோவினாடி, அதோடு 18 சலுகை. முகம் மெலிந்தால் நேரம் கூடும். பாலிஷ் செய்யும் கை எங்கே அதிகம் அழுத்துகிறது என்று அல்ட்ராசோனிக் தடிமன் கருவியால் கட்டம் கட்டி அளந்தால், வெல்டிங் ஓரமா பாலிஷா என்று தெரிந்துவிடும். 40 சதுர செ.மீ டைட்டானிய முகத்தில் 0.1 மி.மீ போனால் எடையிலும் சுமார் 1.8 கிராம் போகும். ஆகவே ஒவ்வொரு கட்டத்துக்குப் பிறகும் தலையை எடை போடுவது மலிவான முன்னெச்சரிக்கை.

வார்ப்புத் தலையைப் பாலிஷ் செய்யும்போது துளைகள் வெளிவந்தால் வடிவத்தைப் பாருங்கள். உருண்டையாக, வழவழப்பாக இருந்தால் வாயு. ஓரம் சொரசொரப்பாக, கிளைத்து இருந்தால் உலோகம் உறையும்போது ஊட்டம் போதாமல் சுருங்கியது, ஊற்றும் வழியை மாற்ற வேண்டும். டைட்டானிய வார்ப்பில் முதல் வெட்டிலேயே டூல் நுனி உதிர்ந்தால் மேலே ஆக்சிஜன் ஏறிய கடினத் தோல் இருக்கிறது. அதற்குள் சுரண்டாமல் முதல் வெட்டைத் தோலுக்கு அடியில் இறக்குங்கள்.

வெட்ஜ் முகத்துக் கோடுகள் சோதனையில் விழுந்தால் பெரும்பாலும் விளிம்பு கூராக இருக்கிறது. 25 டிகிரியோ அதற்கு மேலோ லாஃப்ட் (முகத்தின் சாய்வு) உள்ள தலைகளுக்கு விளிம்பு ஆரம் 0.254 மி.மீ-க்குக் குறையக் கூடாது. கட்டர் தேய்ந்து பிசிறு எழும்புகிறதா என்று முதலில் பாருங்கள், நிரலை அப்புறம் பார்க்கலாம்.

பூச்சுக்குப் பிறகு த்ரெட் இறங்காது

பூச்சுக்கு முன் கோ கேஜ் (இறங்கினால் சரி என்று காட்டும் அளவி) வழுக்கிக்கொண்டு இறங்கியது, பூச்சுக்குப் பின் முதல் சுற்றிலேயே நிற்கிறது. 60 டிகிரி த்ரெட்டில் பூச்சின் தடிமனைப் போல நான்கு மடங்கு பிட்ச் விட்டம் (த்ரெட் பற்களின் நடு உயரத்தில் எடுக்கும் விட்டம்) மாறும். 5 மைக்ரான் பூச்சு என்றால் 20 மைக்ரான். வெளி த்ரெட்டை அந்த அளவுக்குக் குறைத்துக் கடையுங்கள், உள் த்ரெட்டுக்கு ஓவர்சைஸ் டாப் போடுங்கள். அலுமினியத்தில் கடின ஆக்சைடு படலம் வளர்க்கும் ஹார்டு அனோடைஸ் மட்டும் வேறு கணக்கு: படலத்தில் ஏறத்தாழ பாதி உலோகத்துக்குள் இறங்கும், பாதிதான் வெளியே வளரும். பூச்சு போடுபவரிடம் 50 மைக்ரான் என்று சொல்லும்போது அது படலத்தின் தடிமனா, வெளியே வளரும் அளவா என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள்.